குணத்துக்கு இங்கிலீஷ்ல என்ன மேடம்?

ஒரு மனிதனின் குணத்தை அவன் வாயாலேயே, இரண்டே நிமிடத்தில், இங்கிலீஷில், பெருமையாகவும் அதே சமயம் அடக்கமாகவும் சொல்ல வைப்பதுதான் என் தொழில்.

ஒரகடம் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேலே, மாடியில் என் வகுப்பு. ‘இன்டர்வியூ இங்கிலீஷ், பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’ என்று பலகை தொங்கும். பர்சனாலிட்டியை வளர்க்க வருகிறவர்கள் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள். பெர்மனென்ட் ஆக வேண்டும், டீம் லீடர் ஆக வேண்டும், குறைந்தபட்சம் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்று கேட்டால் வியர்க்காமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. முதல் ஷிஃப்ட் பஸ் இறக்கிவிட்டதும் யூனிஃபார்மோடு நேராக வந்துவிடுவார்கள். சேஃப்டி ஷூக்களைப் படியில் கழற்றிப் போடுவார்கள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மாதிரி. வகுப்பு முடிந்ததும் அங்கே நடக்கிற தேடலில் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் சொற்களும் குணத்தைப் பற்றியவைதான். அவற்றை நான் பாடத்தில் சேர்க்கவில்லை.

பிறருக்குப் பேசக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் என் சக பாவிகளே, இனி நான் சொல்லப்போவதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் உங்கள் மாணவர்கள் உங்கள் காதுபடச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வளைந்து கொடுத்தவர்

இசக்கிமுத்து நாங்குநேரிப் பக்கத்துக்காரர். சொந்த ஊர் ஆட்களோடு சேர்ந்து வடக்குப்பட்டில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். இங்கிலீஷ் என்றாலே வாய் ஒட்டிக்கொள்ளும். அவருக்காகவே ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்: ‘ஐ ஆம் வெரி ஃப்ளெக்ஸிபிள்.’ அர்த்தம் கேட்டார். எந்தச் சூழ்நிலைக்கும் வளைந்து கொடுக்கிறவர் என்று சொல்லி, கையில் இருந்த பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்துக் காட்டினேன். அது பட்டென்று உடைந்தது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்டர்வியூவில் அந்த வாக்கியத்தைச் சொன்னார், வேலை கிடைத்தது. அல்வாப் பொட்டலத்தோடு மாடி ஏறி வந்து என் காலைத் தொடப் போனார். நான் பதறித் தடுத்தாலும் உள்ளுக்குள் ஒரு சாண் உயர்ந்துதான் நின்றேன். அதன் பிறகு ஆளைக் காணவில்லை. ஒரு நாள் ரோட்டோர டீக்கடையில் பார்த்தால் கண் இரண்டும் சிவந்து, கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறார். எந்த ஷிஃப்டில் யார் லீவு போட்டாலும் அந்த இடத்துக்கு இவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். இன்றைக்குப் பகல், நாளைக்கு ராத்திரி, மறுநாள் வேறு லைன். எனக்கு ஒரே ஷிஃப்ட் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். ‘நீதானப்பா இன்டர்வியூல சொன்னே’ என்று அவர் சிரித்துவிட்டாராம். ‘நோ’ என்பதை மரியாதையாகச் சொல்லும் வாக்கியங்களை அந்த இடத்திலேயே நாலைந்து சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

“வளைஞ்சு கொடுக்கேன்னு சொல்லுன்னிய மேடம், சொன்னேன். அவங்க பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டாவ.”

ஊரெல்லாம் பெர்ஃபெக்ஷனிஸ்ட்

இன்டர்வியூவில் ‘உன் பலவீனம் என்ன’ என்று ஒரு கேள்வி வரும். உண்மையைச் சொன்னால் வேலை போகும். பலவீனமே இல்லை என்றால் திமிர் என்பார்கள். இதற்கு நான் கண்டுபிடித்து வைத்திருந்த மருந்து ‘ஐ ஆம் எ பெர்ஃபெக்ஷனிஸ்ட்’. எதையும் குறையில்லாமல் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதுதான் என் குறை என்று அர்த்தம். குறை மாதிரி தெரியும், பார்த்தால் நிறை. வகுப்பு முழுவதற்கும் இதையே சொல்லிக் கொடுத்து, கோரஸாகச் சொல்ல வைத்தேன். கீழே மொபைல் கடைக்கு வந்தவர்கள் ஏதோ பஜனை என்று நினைத்தார்கள்.

அத்தனை பேரும் ஒரே கம்பெனியின் இன்டர்வியூவுக்கு ஒரே நாளில் போவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. போனார்கள். வரிசையாக உள்ளே போய் வரிசையாகப் பெர்ஃபெக்ஷனிஸ்ட் என்றார்கள். வடக்குப்பட்டைச் சேர்ந்த ஜெயந்தி மட்டும் பதற்றத்தில் வார்த்தையை மறந்துவிட்டாள். விவசாயக் குடும்பத்துப் பெண், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள். ‘பசிச்சா எனக்குக் கோவம் வரும் சார், சாப்ட்டா சரியாப் பூடும்’ என்று தமிழில் சொல்லியிருக்கிறாள். அவளை மட்டும்தான் எடுத்தார்கள். மற்றவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நான் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி போன் செய்தார்:

“மேடம், அடுத்த தடவை ஒரு சோம்பேறியையாவது கலந்து அனுப்புங்க, கேட்டுக் கேட்டு எங்களுக்கே எங்க வேலை மேல சந்தேகம் வந்துடுச்சு.”

ஒரே குணம், இரண்டு விலை

ஒரே குணத்துக்கு நல்ல வார்த்தையும் உண்டு, கெட்ட வார்த்தையும் உண்டு என்பது என் அபிமானப் பாடம். நமக்குப் பிடித்தவன் செலவு செய்யாவிட்டால் எகனாமிகல், பிடிக்காதவன் செய்யாவிட்டால் ஸ்டிஞ்ஜி. முன்னவர் சிக்கனக்காரர், பின்னவர் கஞ்சன். மாடிக்குச் சொந்தக்காரரான ஏகாம்பரம் வாடகைக்காக வந்து கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நின்றுபோன சீலிங் ஃபேனை மாற்றித் தரும்படி கோடை தொடங்கியதிலிருந்து அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வாய்ப்பை விடக் கூடாது என்று, அவர் மனதில் தைக்கும்படி ஸ்டிஞ்ஜி என்ற சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதி, அடிக்கோடிட்டு, அசையாத அந்த ஃபேனை ஒரு பார்வையும் பார்த்தேன். மாணவர்கள் புரிந்துகொண்டு சிரித்தார்கள். ஏகாம்பரமும் புரிந்துகொண்டார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சரிம்மா, என் பேரை அந்த எகனாமிகல் பக்கத்துல எழுதிக்கோ, ஃபேனை அடுத்த வெயிலுக்குப் பாத்துக்கலாம்.”

ஈ பறந்தால் நிற்கும் லைன்

சென்சிட்டிவ் என்பது நல்ல குணம், பிறர் மனதைச் சட்டென்று உணர்கிறவர் என்று ஒரு மாலை விளக்கிக்கொண்டிருந்தேன். கோபி கையைத் தூக்கினார். அவருக்கு ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸில் வேலை. “எங்க லைன்ல அது நல்ல குணம் இல்ல மேடம். சென்சார் சென்சிட்டிவா இருந்தா ஈ பறந்தாக்கூட லைன் நின்னுடும். ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைச்சு வெச்சிடுவோம்” என்றார். மிஷின் வேறு, மனிதன் வேறு என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன்.

அன்றைக்கே எனக்கு ஒரு நவீன ஆசை வந்தது. என் வகுப்பைப் பற்றி மனம் திறந்து சொல்லுங்கள், ஐ ஆம் ஓப்பன்-மைண்டட் என்றேன். எல்லோரும் நோட்டைப் புரட்டினார்கள். வற்புறுத்தினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன், ‘ஷிஃப்ட் முடிஞ்சு வந்து உக்காந்ததும் உங்க குரலைக் கேட்டா நல்லாத் தூக்கம் வருது மேடம்’ என்றான். கெட்ட எண்ணம் இல்லை. நன்றியோடு சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் என் முகம் சுருங்கியது எனக்கே தெரிந்தது. புத்தகத்தை மூடி, தலைவலி என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டேன். படியில் ஷூ தேடும் சத்தத்துக்கு நடுவே கோபியின் குரல் மட்டும் தெளிவாக மேலே ஏறி வந்தது:

“மேடமுக்கு ஒரு திருப்பு திருப்பணும்பா.”

ஹோம்லி

வேலை பெர்மனென்ட் ஆனதும் ஜெயந்திக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அவள் அம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். தரகர் நாலு இடத்துக்கு அனுப்ப வேண்டுமாம், இங்கிலீஷில் ஒரு பயோடேட்டா எழுதித் தர வேண்டும். “ஹோம்லி கேர்ள்னு போட்டுடும்மா. அல்லாரும் அத்தத்தான் போடுறாங்கோ” என்றார். விடுவேனா? அமெரிக்காவில் ஹோம்லி என்றால் பார்க்கச் சுமாராக இருக்கிறவள் என்று அர்த்தம் என்றேன். அந்தம்மா பயந்துபோய், நல்லதாக நீங்களே போடுங்கள் என்று என் கையில் விட்டுவிட்டார். நான் ஜெயந்தியை உட்கார வைத்து, இன்டிபெண்டன்ட், ஆம்பிஷியஸ், அவுட்ஸ்போக்கன் என்று எழுதினேன். தன் காலில் நிற்பவள், முன்னேறத் துடிப்பவள், மனதில் பட்டதைப் பேசுகிறவள். மூன்றும் உண்மை. ஜெயந்திக்கும் பிடித்திருந்தது.

போன இடத்திலிருந்தெல்லாம் பதிலே இல்லை. தரகரைப் பிடித்துக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. இன்டிபெண்டன்ட் என்றால் பெண் தனிக்குடித்தனம் கேட்கிறாளா என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். அவுட்ஸ்போக்கனை யாரோ படித்த பையன் ‘வாயாடி’ என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். அம்மா மறுபடியும் மாடி ஏறி வந்தார். இந்த முறை மூச்சு வாங்கவில்லை, கோபத்தில் ஏறி வந்த வேகம். “பொண்ணுக்கு மாப்ள பாக்கச் சொன்னா, எலெக்சன்ல நிக்க வெக்கிற மாறி எழுதிக் குடுத்துகிறியே” என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். பழையபடி ஹோம்லி என்று மாற்றித் தருகிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற ஜெயந்தி மாற்ற வேண்டாம் என்றாள். இதைப் படிச்சுட்டும் வர்றவன் வந்தா போதும் என்றாள். வீட்டில் சில நாள் யாரும் யாரோடும் பேசவில்லையாம். அந்த நாட்களில் எனக்கும் சோறு ருசிக்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தை மூன்று வார்த்தைகளால் நிறுத்திவிட்டேனே என்று கிடந்து புழுங்கினேன்.

பிறகு ஒரு குடும்பம் வந்தது. பையன் லாரி கம்பெனியில் ஃபிட்டர். பெண் பார்க்கும் அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த மூன்று வார்த்தைகளைப் பற்றிக் கேட்டால், எழுதின நீயே பதில் சொல்லிக்கொள் என்பதற்காகத்தான். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைக் கனைத்து, அவுட்ஸ்போக்கன் என்பதற்குத் தவறான அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தொடங்கினேன். பையனின் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் கல்யாணம் நடந்து முடிந்த பிறகும் அவர் சொன்னது என் காதில் இருக்கிறது:

“எங்க வூட்ல அப்பனும் புள்ளையும் வாயத் தொறக்க மாட்டாங்கோ, எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு கெடைக்கும்னுதாம்மா வந்தோம்.”

கேரக்டர்

இது சிரிப்பில் தொடங்கவில்லை. மாரீஸ்வரி சாத்தூர்ப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர் வழியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். ஒரு நாள் கேட் பூட்டிய பிறகு வந்திருக்கிறாள். மறுநாள் காலை ஹாஸ்டல் நடத்தும் அம்மா எல்லோர் முன்னாலும் ‘கேரக்டர் சரியில்ல, காலி பண்ணு’ என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் பெண்ணின் கேரக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். இது சாத்தூருக்குத் தெரிந்தால் வேலை வேண்டாம் என்று கூட்டிப்போய்விடுவார்கள். அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். “நீங்க இங்கிலீஷ்ல பேசுனா அந்தம்மா கேப்பாங்க மேடம்” என்றாள். இந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவள்தான் என்று நினைத்தேன்.

ஹாஸ்டல் வாசலில் நின்று ஆரம்பித்தேன். கேரக்டர் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று விளக்கினேன். இந்தப் பெண் டிசிப்ளின்ட், டிக்னிஃபைட், ஷி இஸ் அபவ் ரிப்ரோச் என்றேன். யாரும் குறை சொல்ல முடியாதவள் என்று அர்த்தம். அந்தம்மா காதைத் தீட்டிக்கொண்டு, “அப்ரோச்சா? யாரு அப்ரோச் பண்ணது?” என்று கேட்டார். சுற்றி நின்ற பெண்களிடையே ஒரு சலசலப்பு. வந்த வேலை இரண்டு மடங்காகிவிட்டது. மாரீஸ்வரி ஏதோ சொல்ல வந்தாள். அந்தம்மாவும் கேட்கவில்லை, அர்த்தம் சொல்லும் மும்முரத்தில் நானும் கேட்கவில்லை.

கடைசியில் அவள் தன் போனில் கம்பெனி பஸ் டிரைவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அந்தம்மா பக்கம் நீட்டினாள். டிரைவர் கத்திச் சொன்னார். வழியில் பஸ் பிரேக்டவுன் ஆகி நின்றுவிட்டது. மற்ற பெண்கள் கிடைத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் வேலை பார்க்கும் ஒரு வயதான அம்மாவுக்குத் தலை சுற்றி மயக்கம். வேறு பஸ் வரும்வரை அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்தபடி இந்தப் பெண்தான் கூட இருந்தாள். அவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறாள். ஹாஸ்டல் அம்மா மாரீஸ்வரியின் தோளைப் பிடித்து, உள்ளே போய்ச் சாப்பிடச் சொன்னார். அவள் போனதும் என் பக்கம் திரும்பினார்:

“இன்னா மேடம், இவ்ளோ நல்ல பொண்ணப் பத்தி ஒருத்தருக்கும் புரியாத மாறி பேசிக்கினு கீறீங்களே!”

இன்னசென்ட்

ஒரு பெரிய ஆலையில் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் வேலை காலியாக இருந்தது. ஏ.சி. அறை, நிரந்தரச் சம்பளம், மாடிப்படி கிடையாது. விண்ணப்பித்தேன், கூப்பிட்டார்கள். ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்று கேட்டதும், இத்தனை காலம் பிறருக்குச் சொல்லிக் கொடுத்த அத்தனை வாக்கியங்களும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. எதுவும் வெளியே வரவில்லை. தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். உங்களைத் தெரிந்தவர் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அங்கேயே ஸ்டோர்ஸில் இருக்கும் என் பழைய மாணவர் டில்லிபாபுவின் பெயரைச் சொன்னேன். நல்ல பையன், என்மேல் உயிரையே வைத்திருப்பவர். உயிரை வைத்திருப்பவர்களிடம் வார்த்தையை ஒப்படைக்கக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் கண் முன்னாலேயே அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். டில்லிபாபு விறைப்பாக நின்று, நான் சொல்லிக் கொடுத்த அதே உச்சரிப்பில், “மேடம் வெரி இன்னசென்ட் சார். வெரி சாஃப்ட். எனிபடி கேன் சீட் ஹெர்” என்றார். யார் வேண்டுமானாலும் என்னை ஏமாற்றிவிடலாம் என்று அர்த்தம். நம் ஊரில் இன்னசென்ட் என்றால் சூதுவாது தெரியாதவர். வடநாட்டிலிருந்து வந்திருந்த தலைமை அதிகாரிக்கு அது குற்றமற்றவர் என்று பட்டது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, உங்கள் மேல் என்ன வழக்கு இருந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். வழக்கே இல்லை என்று நான் சொன்ன விதம், நிச்சயம் ஏதோ இருந்திருக்கிறது என்று யாரையும் நம்ப வைக்கும்.

வேலை அன்றைக்கே வேறு ஒருவருக்குப் போனது. கேட்டைத் தாண்டி வெளியே வந்தேன். அழக் கூடாது என்று வெயிலைத் திட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பின்னாலேயே டில்லிபாபு ஓடிவந்தார். வேலை கிடைக்காதது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வேர்த்து விறுவிறுத்து, ஒரு ஜூஸ் பாட்டிலை என் கையில் திணித்தார். அவர் மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. ஏன் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன். தலையைச் சொறிந்தார்:

“அப்பாவின்னு சொல்றதுக்கு வேற இன்னா வார்த்தை மேடம் கீது, அத்த நீங்க சொல்லியே தரலியே!”

குணங்களுக்கான இங்கிலீஷ் வார்த்தைகள் இத்தனை தெரிந்தும், நீ எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் எனக்குத் தமிழில்கூடப் பதில் வருவதில்லை என்பதால், பிறர் எப்படிப்பட்டவர்கள் என்பதை மட்டும் மாதக் கட்டணத்துக்குச் சரளமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.